இரும்புக் குழாய்

மாலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும்.

வீட்டுக்காரர் ஜோதிலிங்கம் முதலில் சொன்னது அதைத்தான். மயூர் விஹாரில் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஜூலியா பெட்டியைத் தரைத்தளத்தில் அவர் வாசலில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டில்லியில் இது அவளுக்கு மூன்றாவது வீடு.

"மோட்டார் இங்க, என் வாசல்ல கெடக்கு. டேங்க் மொட்டை மாடியில. நான் போடுதேன். நெறஞ்சதும் மேல நின்னு குழாயில ரெண்டு தட்டு தட்டு. இரும்புல்லா, கீழ வரைக்கும் கேக்கும். அணைச்சிருதேன்."

"சரி அங்கிள்."

முன்பு அவரும் மனைவி அம்சவேணியும் அந்த மேல் வீட்டில்தான் இருந்தார்கள். போன ஜூனில் ஒருநாள் தண்ணீர் வரவில்லை. வெயிலில் டேங்கருகே காத்து நின்றவள் அங்கேயே விழுந்து உயிரை விட்டாள். அவள் தட்டுவாள் என்று அவர் கீழே காத்திருந்தார், மோட்டார் கருகும்வரை. அதன் பிறகு தரைத்தளத்துக்கு மாறிவிட்டார். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்றார்.

முதல் வாரம் ஜூலியாவுக்கு மாலை டியூட்டி. திரும்பி வரும்போது டேங்க் நிறைந்திருக்கும். வழிந்த தடம் இருக்காது. அவரே நேரம் பார்த்து நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க சைவமில்லையே அங்கிள்?"

"மீனுன்னா சாமியையே கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லிருவேன்."

சிரித்தாள். "நான் தட்டாமலே எப்படி அங்கிள் சரியா நிறுத்துதீங்க?"

அவர் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றார்.

"அதான் தட்டுதாளே."

"யாரு?"

"ரெண்டு தட்டு. நிறுத்தணும். கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. காப்பி ஆச்சு, மேல வாங்கன்னு அர்த்தம்." குரலைத் தாழ்த்தினார். "யார்ட்டயும் சொல்லிராதம்மா. நாளெல்லாம் அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

அன்று மாலை ஜூலியா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். குழாய் இரைந்தது.

டங். டங்.

பிறகு, மெதுவாக, இன்னொன்று.

மொட்டை மாடிக் கதவின் ஒரே சாவி அவள் கையில் இருந்தது.

அடுத்த மாதம் சொசைட்டியில் பழைய குழாய்களை மாற்றினார்கள். ஜோதிலிங்கம் செயலாளர் சிவஞானத்தின் வீட்டுக்கே போனார்.

"என் குழாயை விட்டுருங்க சார். துருத் தண்ணி எனக்குப் போதும்."

"இரும்புச் சத்துன்னு சொல்லுவீங்க போல. பிளாஸ்டிக் நூறு வருஷம் வரும் சார். குழாய் மிஸ்திரி வந்தாச்சு, ஜல்தி முடிச்சிடுவான்."

மதியத்துக்குள் முடித்துவிட்டான். இரும்புத் துண்டுகளைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரன் வண்டியில் போட்டுக்கொண்டு போனான். ஜோதிலிங்கம் கேட் வரை பின்னால் நடந்தார்.

அன்று ஜூலியாவுக்கு விடுமுறை. ஐந்தரைக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சுவரோடு வழிந்தது.

அவள் மாடிக்கு ஓடினாள்.

யாரும் இல்லை. டேங்க் பொங்கிக்கொண்டிருந்தது. கொதிக்கும் தரையில் தண்ணீர் பரவி ஆவி எழுந்தது. எங்கிருந்தோ டிக்காஷன் வாசனை.

புதுக் குழாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில், ஒரு பெண்ணின் கை எட்டும் உயரத்தில், நிறையப் பள்ளங்கள். கரண்டி விளிம்பு பட்டது போல.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு பள்ளம் விழுந்தது.

பொத்.

சத்தம் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்று. இன்னும் ஆழமாக.

சிறிது நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மூன்றாவது.

ஜூலியா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். ஜோதிலிங்கம் குழாயில் காதை வைத்து நின்றிருந்தார். மேலிருந்து கொட்டும் தண்ணீரில் முழுக்க நனைந்திருந்தார். மெல்ல முகத்தை நிமிர்த்தினார். அவர் பார்த்தது ஜூலியாவை அல்ல, அவளுக்குப் பக்கத்து இடத்தை.

"அம்சு, ஒண்ணும் கேக்கலட்டி... நானே மேல வந்துரட்டா?"