ஐந்து மணிக்குள் ஹோலிஸ் வரணும்!

ட்ரிங்ங்ங்...!

ஹாலிஃபீல்ட் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் போன் அலறியது.

திங்கட்கிழமை. மணி மூன்று பத்து.

ரோவீனா டகெட் பாய்ந்து எடுத்தாள். வயது முப்பத்தொன்று. கவுண்டியின், அதாவது அந்தக் குட்டி மாவட்டத்தின், தேர்தல் அதிகாரி. ஒரு கையில் வேகவைத்த வேர்க்கடலை. இன்னொரு கையில் இப்போது ரிசீவர்.

"ரோவீனா! ரத்தம்! சீட்டு பூரா ரத்தம்டி!"

தபால்காரி மேவிஸின் குரல். கிராமத்து ரோடுகளில் கார் ஓட்டி தபால் போடுகிறவள். பாம்பைப் பார்த்தால்கூட நிதானமாகப் பேர் விசாரிக்கிற ரகம். அவளே கத்துகிறாள் என்றால்...

"யாரோட சீட்டு? எங்க?"

"ஹோலிஸ் பெட்டிகார்டோட பிக்கப் வண்டி! ஓடைப் பாலத்துக்கிட்ட நிக்குது. இஞ்சின் ஓடுது. கதவு தெறந்து கெடக்கு. நாய் குலைக்குது. ஆளை மட்டும் காணோம்!"

ரோவீனாவின் கையிலிருந்த வேர்க்கடலை தரையில் கொட்டியது.

ஹோலிஸ்...!

இந்தக் கவுண்டியில் இன்றைக்கு அவரைவிட முக்கியமான ஆள் கிடையாது!

போன செவ்வாய்க்கிழமை இங்கே பிரைமரி. கட்சிக்குள் யார் வேட்பாளர் என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற தேர்தல். நவம்பரில் அசல் தேர்தல் வரும்தான். ஆனால் இந்த ஊரில் எதிர்க்கட்சி சார்பில் ஒரு பூனைக்குட்டிகூட நிற்காது. பிரைமரியில் ஜெயித்தால் ஷெரிஃப், கவுண்டி போலீஸுக்கே தலைவர். அவ்வளவுதான்!

இருபது வருட ஷெரிஃப் வர்ஜில் ஹாஸ்கெட்... 2,114 ஓட்டு.

அவரால் வேலையை விட்டுத் துரத்தப்பட்ட முன்னாள் துணை ஷெரிஃப் கொரின் ஸ்டப்ஸ்... 2,114 ஓட்டு.

சமம்!

மிச்சம் இருப்பது ஒரே ஒரு பச்சைக் கவர். உள்ளே ஹோலிஸின் ஓட்டு. பாவம், மனுஷனுடைய டிரைவிங் லைசென்ஸ் காலாவதி. புதுப்பிக்கிற ஆபீஸ் நாற்பது மைல் தள்ளி. அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறப்பார்கள். காலையில் அங்கே போய் கியூவில் நின்று, ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு, மாலையில் ஓட்டுப் போட வந்தார். காகிதத்தில் போட்டோ இல்லை; போட்டோ அட்டை தபாலில்தான் வரும். போட்டோ இல்லாவிட்டால் செல்லாது. சட்டம்!

ஓட்டைப் போடச் சொல்லி, கவரில் போட்டு ஒட்டி வைத்துவிட்டாள் ரோவீனா. ஆறு நாளைக்குள், அதாவது இன்று மாலை ஐந்து மணிக்குள், போட்டோ அட்டையோடு அவள் முன்னால் வந்து நின்றால் எண்ணுவார்கள்.

வராவிட்டால் குப்பைக் கூடை!

"மேவிஸ், அவருக்கு லைசென்ஸ் தபால்ல வந்துருச்சா?"

"நான்தாண்டி ஒரு மணிக்கு அவர் கையில குடுத்தேன்! 'இதோ கெளம்பிட்டேன், ரோவீனாவைப் பாத்துட்டு வரேன்'னு குழந்தை மாதிரி குதிச்சாரு."

"தொடாதே! எதையும் தொடாதே! வரேன்!"

* * *

ஓடைப் பாலம். மூன்று முப்பத்தைந்து.

சிவப்பு பிக்கப். டிரைவர் சீட்டில் குபீரென்று சிவப்பு. ஸ்டீயரிங்கில் சிவப்பு. கதவில் வழிந்து சொட்டுச் சொட்டாக...

பின்பக்கம் ஹோலிஸின் நாய் கிரேவி. தொங்கும் காது. சோகமான மூஞ்சி. உதட்டை நக்கிக்கொண்டே அழுதது.

உதட்டை நக்கிக்கொண்டா...?

ரோவீனா விரலை நீட்டினாள். சீட்டைத் தொட்டாள். முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள்.

"ஐயோ கருமமே! என்னடி பண்ற!" மேவிஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மேவிஸ்... இனிக்குது!"

"ஹோலிஸுக்கு சர்க்கரை வியாதி இருக்குடி..."

"மண்டு! இது பார்பிக்யூ சாஸ்!"

சீட்டுக்கு அடியில் உடைந்த பாட்டில். லேபிளில் ஹோலிஸின் கோணல் கையெழுத்து: 'ரோவீனாவுக்கு.'

உயிர் வந்தது ரோவீனாவுக்கு. பாதி உயிர்தான். சாஸ் கிடைத்தது, ஆள் எங்கே?

விர்ர்ர்ரூம்...!

ஷெரிஃபின் ஜீப் வந்து நின்றது. வர்ஜில் ஹாஸ்கெட் இறங்கினார். முதலில் தொப்பை, அப்புறம் தொப்பி, கடைசியில் அவர்.

"என்னம்மா ரோவீனா, ஆபீஸை விட்டுட்டு இங்க என்ன வேலை?"

"ஹோலிஸைக் காணோம் ஷெரிஃப். யாரோ கடத்திட்டாங்க."

"ஹோலிஸையா? கடத்தறவன் திருப்பிக் கொண்டாந்து விட்ருவான். அவர் பேச்சை எவன் கேக்கறது?" வர்ஜில் சிரித்தார். "மீன் புடிக்கப் போயிருப்பாரு. ஆத்துப் பக்கம் போய்த் தேடுங்க. கீழ, ரொம்பக் கீழ. ஒரு ஆறு மைல் தள்ளி..."

"வண்டியை ஓடவிட்டுட்டா மீன் புடிக்கப் போவாரு?"

"வயசாயிருச்சும்மா. மறதி."

"அவருக்கு அறுபத்தி நாலு. உங்களுக்கு அறுபத்தி ஆறு."

வர்ஜிலின் சிரிப்பு அரை அங்குலம் சுருங்கியது. "தேடுங்க. அஞ்சு மணி வரைக்கும் நல்ல வெளிச்சம் இருக்கு."

அஞ்சு மணி...!

அதை ஏன் குறிப்பாகச் சொன்னார்?

* * *

ரோவீனா ஆற்றுப் பக்கம் போகவில்லை. நாயை காரில் ஏற்றினாள். நேராக கோர்ட் கட்டடம். அவள் ஆபீஸ் இருக்கிற அதே பழைய செங்கல் கட்டடம்.

நான்கு இருபத்தைந்து.

கார்க் கதவைத் திறந்ததுதான் தாமதம். கிரேவி ஒரே பாய்ச்சல்! படியேறவில்லை. பக்கவாட்டில் ஓடியது. தரைக்குக் கீழே போகும் இரும்புக் கதவின் முன்னால் நின்று...

"ஊஊஊஊ...!"

இரும்புக் கதவு. கவுண்டி ஜெயில்!

உள்ளே டெல்மா. ஜெயில் காவலர். மேஜையில் குறுக்கெழுத்துப் புதிர், கையில் பென்சில்.

"டெல்மா, ஹோலிஸ் பெட்டிகார்டைப் பாத்தியா?"

"பாத்தியாவா? ரெண்டு மணியிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நாலாம் நம்பர் அறை. காபி கேவலமா இருக்குன்னு மூணு தடவை கம்ப்ளெயின்ட்!"

ரோவீனா கூரையை அண்ணாந்து பார்த்தாள். அவள் நாற்காலிக்கு நேர் கீழே...!

"ஏன் சொல்லல?"

"யாராவது கேட்டா சொல்லக்கூடாதுன்னு ஷெரிஃப் ஆர்டர்."

"இப்ப சொல்றியே?"

"நீ என்ன யாராவதா? நீ மாடிக்காரி."

நாலாம் நம்பர் அறைக் கம்பிக்குப் பின்னால் ஹோலிஸ். சட்டை பூரா சாஸ்.

"வந்துட்டியா கண்ணு! மணி என்ன? அஞ்சு ஆயிருச்சா?"

"நாலு முப்பத்தொன்னு. என்ன ஆச்சு ஹோலிஸ்?"

"பாலத்துக்கிட்ட நம்ம வர்ஜில் மறிச்சான். பின்லைட் ஒடஞ்சிருக்குன்னான். ஒடையலடான்னேன். லைசென்ஸ் காலாவதின்னான். புதுசு இந்தா பாருன்னேன். வாங்கி அவன் சட்டைப் பையில போட்டுக்கிட்டான்! 'இது சாட்சி, நாளைக்கு ஜட்ஜ்கிட்ட வாங்கிக்கோ'ன்னு என்னைப் புடிச்சு இழுத்தான். சாஸ் ஒடஞ்சிருச்சு கண்ணு. நல்ல சாஸ்..."

"லைசென்ஸ் உங்ககிட்ட இல்ல?"

"இல்ல."

"வேற எதாவது போட்டோ அட்டை? பாஸ்போர்ட்?"

"இந்தக் கவுண்டியைத் தாண்டுனதே ரெண்டு தடவை. எனக்கெதுக்கு பாஸ்போர்ட்?"

எந்தெந்த அட்டை செல்லும் என்கிற சட்டப் பட்டியலை ரோவீனா பையிலிருந்து பிடுங்கி எடுத்தாள். விரல் வரி வரியாக ஓடியது. ராணுவ அட்டை... இல்லை. துப்பாக்கி லைசென்ஸ்...

"துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?"

"துப்பாக்கி இருக்கு."

விரல் கடைசி வரிக்கு வந்தது. நின்றது.

'இம்மாநிலத்தின் ஏதேனும் ஒரு கவுண்டி வழங்கிய, புகைப்படம் உள்ள, காலாவதி ஆகாத அட்டை.'

ரோவீனா மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். ஹோலிஸின் கழுத்தைப் பார்த்தாள்.

நீலக் கயிறு. அதில் ஒரு அட்டை தொங்கியது.

"டெல்மா... இது என்ன?"

"கைதி அட்டை. போன வருஷம் தப்பான ஆளை வெளிய விட்டு மானம் போச்சுல்ல? அதுலேர்ந்து வந்த பத்து நிமிஷத்துல போட்டோ புடிச்சு அட்டை மாட்டியே ஆகணும்னு ஷெரிஃபே ஆர்டர் போட்டாரு."

ரோவீனா அட்டையைப் பிடித்துப் படித்தாள்.

ஹோலிஸ் ஆர். பெட்டிகார்ட். பிறந்த தேதி. போட்டோ, முறைத்த முகத்தோடு. கவுண்டி முத்திரை. 'நாளை காலை ஒன்பது மணி வரை செல்லும்.'

கீழே கையெழுத்து... ஷெரிஃப் வர்ஜில் ஹாஸ்கெட்!

"ஹோலிஸ்! ஆடாம அசையாம இருங்க!"

"ஜெயில்ல இருக்கேன் கண்ணு. எங்க போகப்போறேன்?"

ரப்பர் ஸ்டாம்ப் மாடியில்! பதிவேடும் மாடியில்! ரோவீனா பறந்தாள். அலமாரி. சாவி? பர்ஸில். பர்ஸ்? காரில்! காருக்கு ஓட்டம். திரும்ப மாடிக்கு ஓட்டம். பூட்டு மக்கர் செய்தது. உதைத்தாள். திறந்தது!

நான்கு ஐம்பத்தாறு. கீழே வந்தாள்.

வர்ஜில் நின்றுகொண்டிருந்தார். கதவை அடைத்துக்கொண்டு.

"ஜெயிலுக்குள்ள தேர்தல் ஆபீஸ் நடத்தறதா உத்தேசமா?"

"அதிகாரி முன்னாடி வந்து நிக்கணும்னுதான் சட்டம். எந்த மாடியிலன்னு சட்டத்துல இல்ல. நகருங்க!"

"நகரலன்னா?"

"ஊஊஊஊ...!" கிரேவி அவர் பேன்ட்டில் ஒட்டியிருந்த சாஸை வெறியோடு நக்க ஆரம்பித்தது.

வர்ஜில் துள்ளினார். இடுக்கில் புகுந்தாள் ரோவீனா.

டப்...!

ஸ்டாம்ப் விழுந்தது. நான்கு ஐம்பத்தெட்டு!

* * *

ஐந்தரை. கோர்ட் ஹால். ஊரே திரண்டிருந்தது.

நடுவில் நீதிபதி எலோயிஸ் கார்வர். ஓட்டு எண்ணிக்கைக் குழுவின் தலைவி. பக்கத்தில் டேப் ரிக்கார்டர் சுழன்றது. இந்தப் பக்கம் கொரின் ஸ்டப்ஸ், நகத்தைக் கடித்தபடி. அந்தப் பக்கம் வர்ஜில், பல்லைக் கடித்தபடி. நடுவில் கைவிலங்கோடு ஹோலிஸ், கோர்ட் காபியும் கேவலம் என்கிற முகத்தோடு.

"ஆட்சேபணை!" வர்ஜில் எழுந்தார். "அந்த அட்டை செல்லாது!"

"ஏன் ஷெரிஃப்?" நீதிபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்! ஆனா செல்லாது!"

"கவுண்டி கொடுத்த அட்டையா இல்லையா?"

"கொடுத்ததுதான்... ஆனா..." வர்ஜில் நெற்றியைத் துடைத்தார். மூளையில் ஏதோ பல்பு எரிந்தது. எரியாமலே இருந்திருக்கலாம்! "அது கைதிக்குக் கொடுக்கற அட்டை, ஜட்ஜம்மா. ஹோலிஸ் கைதியே இல்ல!"

"கைதி இல்லையா?"

"இல்லவே இல்ல! பின்லைட் ரெண்டும் நல்லா எரிஞ்சுது! லைசென்ஸும் புத்தம் புதுசு! இந்தா பாருங்க, என் பையிலயே இருக்கு! குத்தமே இல்லாதப்ப கைதே செல்லாது. கைது செல்லாதுன்னா அட்டையும் செல்லாது! எப்படி?"

நீதிபதி டேப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

டேப் சுழன்றது... சுழன்றது...

வர்ஜில் அதைப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது.

"அருமையான வாதம் ஷெரிஃப்," என்றார் நீதிபதி. "கவுண்டி கொடுத்த அட்டையான்னு மட்டும்தான் சட்டம் கேக்குது. ஏன் கொடுத்தீங்கன்னு கேக்கல. அட்டை செல்லும். ஏன் கொடுத்தீங்கன்னு நான் தனியா கேக்கறேன். ரோவீனா, கவரைப் பிரி."

சர்ர்ரக்...!

ரோவீனா ஓட்டுச் சீட்டை விரித்தாள். பார்த்தாள். திரும்பப் பார்த்தாள்.

"சொல்லும்மா!" கொரின் கத்தினாள். "எனக்குத்தானே?"

ரோவீனா தொண்டையைச் செருமினாள்.

"வர்ஜில் ஹாஸ்கெட்... 2,115."

"என்னாது...?!"

கத்தியது கொரின் அல்ல. வர்ஜில்!

"டேய் ஹோலிஸ்! எனக்கா போட்ட? உன் கோழிக்கூண்டு மேல கொரினோட பிரசார போர்டுல்ல பளபளன்னு நிக்குது! நானே கண்ணால பாத்தேனே!"

"கூண்டு ஒழுகுச்சுடா," என்றார் ஹோலிஸ். "மழைக்கு அட்டையா வச்சேன். உன் போர்டையும் வச்சுப் பாத்தேன். சின்னது, கோழி நனைஞ்சுது. நாற்பது வருஷம் கூட மீன் புடிச்சிருக்கோம், உனக்குப் போடாம வேற எவனுக்குடா போடுவேன்?"

வர்ஜில் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். சும்மா விட்டிருந்தால் ஹோலிஸ் பாட்டுக்கு வந்து அட்டையைக் காட்டி, இவரை ஷெரிஃப் ஆக்கிவிட்டுப் போயிருப்பார்!

"அப்ப நான் தோத்துட்டேனா?" கொரினுக்கு அழுகை முட்டியது.

"ஓட்டுப்படி அவர் ஜெயிச்சார்," நீதிபதி டேப்பைத் தட்டினார். "இதன்படி, வாக்காளரை வர விடாம அடைச்சு வச்சதா அவரே ஒத்துக்கிட்டார். இந்தத் தேர்தல் ரத்து. புதுசா நடக்கும். கொரின், போய் நல்லாத் தூங்கு. டெல்மா, ஹோலிஸுக்கு விலங்கைக் கழட்டி ஷெரிஃபுக்கு மாட்டு."

டெல்மா தலையைச் சொறிந்தாள். "என்னால முடியாதுங்க. நம்ம மாநிலத்துல ஷெரிஃபைக் கைது பண்ற அதிகாரம் மரண விசாரணை அதிகாரிக்கு மட்டும்தான் உண்டு."

கதவு திறந்தது. கறுப்பு கோட்டில் கார்லைல் பூன். மரண விசாரணை அதிகாரி. ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருப்பவரும் அவரே. வாசலில் அவருடைய நீளமான கறுப்பு வண்டி, பின்கதவு திறந்தபடி.

வர்ஜில் அலறினார். "அந்த வண்டியிலயா? முடியாது! நான் யார் தெரியுமா? எனக்கு வக்கீல் வேணும்! தண்ணி வேணும்! முன்சீட்டு வேணும்!"

கார்லைல் பூன் பணிவாக அவர் தோளைத் தட்டினார்.

"ஏறுங்க ஷெரிஃப். முப்பது வருஷ சர்வீஸ்ல, என் கஸ்டமர் ஒருத்தர் வாயைத் தெறந்து குறை சொல்றது இதான் முதல் தடவை!"