மூங்கிலின் கடைசி இடம்

அன்பு வாசகர்களே, இக்காலத்து மனிதர்களைப் பற்றிச் சொல்லவே வாய் கசக்கிறது. நாலு பேர் கூடி ஒரு பாறையைத் தூக்கப் போனால் மூன்று பேர் முக்குகிறார்கள், ஒருவன்தான் தூக்குகிறான். பிறகு மாலைக்குக் கழுத்தை நீட்டுவது அந்த மூவர்! அக்காலத்திலும் இப்படித்தான் என்பது நக்கன் காரியின் கட்சி. ஒற்றர் வேலையில் நரைத்துப்போன அந்தக் கிழவர், கயிற்றைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன தோழர்களை நம்பி ஒரு மதிலில் ஏறி, இடது காலை ஒடித்துக்கொண்டவர். அன்று முதல் உண்பதும் தனியே, உறங்குவதும் தனியே.

அத்தகையவர், மேல்வானம் செம்பஞ்சுக் குழம்பாய்க் கரைந்து கீழ்வானில் முழுமதி தலைகாட்டிய அந்தி வேளையில், நுரை கக்கிப் பாய்ந்த கொள்ளிடக் கரையில் நான்கு பேருடன் நின்றார். எதிர்க்கரையில் வெண்கோடைக் கோட்டை. “உங்கள் இளவரசி அக்கார நங்கை எங்கள் சிறையில் இருக்கிறாள். மதி மதிலுக்கு மேல் ஏறுமுன் கதவைத் திறவுங்கள்” என்று முற்றுகையிட்ட பகைவர் முரசறைந்திருந்தார்கள். அது பொய் என்பதற்குச் சான்றாக இளவரசியின் முத்திரை மோதிரத்தைக் கோட்டைக்குள் சேர்க்க வேண்டும். ஓடங்களையெல்லாம் பகைவர் எரித்துவிட்டார்கள். கோட்டையின் கள்ளவாயிலை அறிந்தவர் காரி ஒருவரே.

“ஐவரும் இந்த ஒரே மூங்கிலைப் பற்றிக்கொண்டு இறங்குவோம்” என்றான் படைத்தலைவன் பூதி மாறன். “நான் ‘உண்டா?’ என்றால் வரிசையாக ‘உண்டு’ என்று குரல் கொடுங்கள். ஒரு குரல் குறைந்தாலும் மூங்கில் நகராது. இது எங்கள் ஆற்றுப்படையின் வழக்கம்.”

“முண்டாசால் முகத்தை மூடியிருக்கிறானே, அவன் யார்?”

“வாய் பேசாதவன், பெரியவரே. மூங்கிலைத் தட்டுவான்.”

“ஊமைக்கும் ஒற்றனுக்கும் என்னய்யா வித்தியாசம்? இருவர் வாயிலிருந்தும் உண்மை வராது!” என்ற காரி, அந்த ஊமைக்குப் பின்னால், மூங்கிலின் கடைசியில் போய் நின்றார். ஒரு கை மூங்கிலில். மறு கை இடுப்புக் கத்தியில்.

“கத்தி எதற்கு, மீன் அரியவா?” என்று வீரன் ஒருவன் சிரித்தான்.

நட்டாற்றில் நீர் மார்பளவு ஏறியது. “உண்டா?” “உண்டு.” “உண்டு.” ஒரு தட்டு. காரி வாயைத் திறப்பதற்குள் மிதந்து வந்த மரமொன்று அவர் தோளில் மோதிற்று. இரு கைகளாலும் பற்றியிருந்தால் தப்பியிருப்பார். ஒற்றைக் கை வழுக்கியது. வெள்ளம் அவரை வாரிக்கொண்டது.

“நில்லுங்கள்! பெரியவர் போகிறார்!”

வீணையை மீட்டினாற்போல் எழுந்த அந்தப் பெண்குரல் ஊமையினுடையது! அவிழ்த்து வீசிய முண்டாசுத் துணி காரியின் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள, மூவரும் மூங்கிலைக் கீழ்நோக்கித் திருப்பி இழுத்தார்கள். இருமிக்கொண்டே தலை தூக்கிய கிழவர் நிலவொளியில் கண்டது, கருநாகம்போல் புரண்ட கூந்தலையும், அரண்மனையில் பலமுறை வணங்கிய முகத்தையும்.

அக்கார நங்கை!

குரல் கேட்ட பகைவர் காவலன் எய்த அம்பு மூங்கிலில் தைத்தது. அப்போதும் ஒரு கையும் அதை விடவில்லை. கரையேறி, காரி காட்டிய கள்ளவாயிலில் நுழைந்து, மதியை முந்திக்கொண்டு இளவரசி மதில்மேல் நின்றாள். கோட்டையே ஆர்ப்பரித்தது.

இறங்கி வந்தவள் சொன்னாள்: “இனி எங்களுடனேயே இருங்கள், பெரியவரே. மூங்கிலின் கடைசி இடம் தங்களுடையது.”

“தாயே, ஒரு நொண்டிக்காக நாட்டையே பணயம் வைத்தீர்களே! என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் அம்பே வந்திராது.”

“விட்டிருந்தால், நாளை யார் இந்த மூங்கிலைத் தொடுவார்கள்?” என்றான் மாறன்.

“அது இருக்கட்டும். அந்த ஊமை வேடம் யாருக்காக? என்னை நீங்கள் மட்டும் நம்பினீர்களாக்கும்!”

இளவரசி தலை குனிந்தாள். காரி ஈரத் துணியை அவிழ்த்து அவள் காலடியில் வைத்துவிட்டு, மதில் நிழலோரம் நொண்டி நடந்தார்.

“உண்டா?” பின்னால் மாறனின் குரல். மூன்று குரல்கள் பதில் கொடுத்தன. பிறகு நெடிய மௌனம். அது தமக்காகக் காத்திருக்கிறது என்பது கிழவருக்குத் தெரியும்.

அவர் திரும்பவில்லை. உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்தன. வசவாகத்தான் இருக்க வேண்டும்.