துணைக்கு வந்த தொட்டி

“தண்ணி ஊத்தாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? உப்பு அளவு கெட்டுப்போச்சுன்னா மொத்தமும் வேஸ்ட்டு” என்று அஹமது கபீர் போட்ட சத்தம், உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் எட்டியது.

அவர் மனைவி ஹமீதாவும் குரலை இறக்கவில்லை. “நான் ஏங்க ஊத்துறேன்? குடத்தைத் தூக்கி ஊத்துற அளவுக்குத் தெம்பு இருந்தா வேற வேலை பார்க்க மாட்டேனா?”

சண்டை ஒரு கண்ணாடித் தொட்டிக்காக. கபீருக்குத் துபாயில் ஒரு பெரிய வீட்டின் மீன்தொட்டிகளைப் பராமரிக்கிற வேலை; ஊரில் அதை ‘இன்ஜினியரிங் லைன்’ என்று சொல்லிவைத்திருந்தார். மாமியார் மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் ஹமீதா ஒண்டியாகக் கிடந்தாள். லீவில் வந்தவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனியாக இருக்க முடியவில்லை, கோட்டக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன். பூட்டிய வீடு பாழாகும் என்பது கபீரின் கட்சி. துணைதானே வேண்டும், மீன் வளர்த்துக்கொள் என்று, கட்டில் நீளத்துக்கு, மார்பளவு உயரத்துக்கு, கூடத்துக் கிழக்குச் சுவரோரம் ஒரு கடலையே கட்டிக்கொடுத்துவிட்டார். ஜன்னலைத் திறந்தால் அசல் கடல் தெரிகிற வீடு அது. ஊர் வந்து வாயைப் பிளந்து பார்த்தது, தெருமுனை திரும்பியதும் சிரித்தது.

கண்ணாடி புதுச்சேரியிலிருந்து வந்தது; ஒட்டுகிற பசை துபாய்ப் பெட்டியில் வந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, அடியில் சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரித்து, எங்கேயாவது நனைகிறதா என்று கபீர் குந்தியிருந்து பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. அதை இறைத்துக் கொட்டிவிட்டு, குப்பத்துச் சுப்ராயனின் டயர் வண்டியில் டிரம் டிரம்மாகக் கடல்நீரை வரவழைத்தார். நீர்மட்டத்துக்குக் கோடு போட, ஹமீதாவுக்கென்று வாங்கிவந்த சிவப்பு நகப்பாலிஷைத் திறந்தார். அது அவளுக்குப் பயன்பட்டது அவ்வளவுதான்.

உடனே மீன் விடக்கூடாதாம். தண்ணீர் முதலில் பழக வேண்டுமாம். ஒரு இறாலைப் போட்டு அழுக விட்டால், மீனின் கழிவைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் பெருகுமாம். அதுவரை தொட்டி வாரக்கணக்கில் வெறுமையாகத்தான் நிற்கும்.

உப்பளத்துக் காற்றுக்குத் தண்ணீர் வற்ற வேண்டும். இங்கேயோ சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு விரல் ஏறியிருந்தது. சண்டை அதற்குத்தான்.

மீன்கூடையோடு வந்த சுப்ராயன் மனைவி சாமுண்டீஸ்வரி, வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள். மீன் ஒன்றும் இல்லாததன் காரணத்தைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

“கரையேத்துன படகுலகூட நாங்க ஒரு கைப்புடி மண்ணாவது போட்டுத்தான் வப்போம் பாயம்மா. கடலைப் பார்த்து வெறுமையா வுட்டா ஏறி உக்காந்துக்கும்.”

“எது?”

சாமுண்டீஸ்வரி சும்மாட்டைச் சரிசெய்தாள். “மத்தி வேணுமா, வாணாமா?”

ஹமீதா மத்தி வாங்கினாள். ஒரு மீனையாவது தொட்டியில் விடச்சொல்லிக் கபீரிடம் கேட்டும் பார்த்தாள். இப்போது விட்டால் செத்துப்போகும் என்றார் அவர். துணைக்கே ஒரு துணையா என்று சிரிக்கவும் செய்தார்.

அப்புறம் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப்போலக் கலங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதபடி வெளுத்தது. அழுகல் வாடை ஊதுபத்தியையும் மீறித் தலையணைவரை வந்தது. அந்த மங்கலுக்குப் பின்னால் எதுவோ மெல்லப் புரண்டு படுப்பதுபோல அவளுக்கு ஒவ்வொரு மதியமும் தோன்றும். கண்ணைக் கசக்கினால் இருக்காது. இறாலைக் காணவில்லை. கரைந்திருக்கும் என்றார் கபீர். தண்ணீர் மேலும் ஏறியது. யாரோ உள்ளே காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டதைப்போல.

லீவு முடிய இருந்தது. டிக்கெட்டை உறுதி செய்யக் கபீர் புதுச்சேரி போன அன்று, அவர் விமானம் ஏறியபின் தானும் இதுவும்தான் என்ற நினைப்போடு, அவள் பிற்பகல் அஸர் தொழ நின்றாள். மேற்கே முகம், தொட்டி முதுகுப் பக்கம்.

கரண்ட் போனது. மின்விசிறி தேய்ந்து நின்றது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் உறுமலும் அடங்கியது. வெளியே உப்பு வாருகிறவர்களின் பேச்சும் இல்லை.

குமிழிகள் மட்டும் நிற்கவில்லை.

மெதுவாக வந்தன. இழுத்து விடுகிற மூச்சைப்போல. தொழுகையில் திரும்பக்கூடாது. அவள் திரும்பவில்லை. ஓதுவது தடுமாறியது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குனிந்தபோது பின்னால் தண்ணீர் தளும்பியது. பெரிய பாரத்தைத் தூக்கி எடுத்தாற்போல ஒரு தளும்பல்.

பிறகு சொட்டு. தரையில்.

இன்னொரு சொட்டு. பக்கத்தில்.

ஸஜ்தாவில் நெற்றியை வைத்தாள். பாய் நனைந்திருந்தது. உதட்டில் உப்பு. அழுகின இறாலின் வாடை.

எழுந்து உட்கார்ந்தாள். கடைசி இருப்பு; இருபக்கமும் ஸலாம் சொன்னால் தொழுகை முடிந்தது. வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொன்னாள். கடைக்கண்ணில் தொட்டி தெரிந்தது. தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. கோட்டுக்கு ஒரு நூல்கூட மேலே இல்லை. தெளிந்திருந்தது. உள்ளே யாருமில்லை.

இனி இடப்பக்கம்.

இடது தோளில் ஒரு தோள் ஒட்டியிருந்தது. கூட்டாகத் தொழும் ஜமாஅத்தில் பக்கத்தில் அமர்ந்தவளைப் போல. ஈரம். சில்லிப்பு. அதுவும் காத்திருந்தது, அவள் திரும்ப.

அவள் திரும்பவில்லை.

இருட்டியபின் வந்த கபீர், கழுத்து வலப்பக்கமே திரும்பியிருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தவளைத்தான் கண்டார். மறுநாளே கோட்டக்குப்பம் கொண்டுவிட்டார். அவள் கேட்டதென்னவோ கிடைத்தது. அவர் துபாய் போனார், வருவது குறைந்தது. வீட்டை ஒரு உப்பு வியாபாரி வாங்கினார். தொட்டிக் கண்ணாடி இப்போது பிரம்மதேசத்தில் ஒரு மிட்டாய்க்கடை ஷோகேஸ். லட்டு நமுத்துப்போகிறது என்று கடைக்காரர் புலம்புகிறார். ஹமீதாவின் தங்கை ஷஹானா, தவுசீப் என்கிற ஜவுளிக்கடைப் பையனைக் கட்டிக்கொண்டு புதுச்சேரி போய்விட்டாள். அக்காவோடு ஒரே அறையில் படுக்க மாட்டேன் என்று அவள் அவசரப்படுத்தியதால்தான் கல்யாணம் அவ்வளவு சீக்கிரம் நடந்ததாம்.

ஹமீதா இன்றும் அம்மா வீட்டில்தான் தொழுகிறாள். இடப்பக்கம் ஒட்டிச் சுவர் இருக்கும்படி பார்த்துத்தான் பாயை விரிக்கிறாள். முடித்து எழும்போது சுவர் ஒரு ஆள் அகலத்துக்குத் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியில் சிமெண்ட் தரை மெல்லக் காய்ந்து, இரண்டு பாதங்களின் அளவுக்கு உப்பு பூக்கிறது.