கல்மேட்டில் சொன்ன சரி

பழவேற்காட்டுப் படகுத்துறையில் காரை நிறுத்தியபோது காலை பத்தரை மணி. ஆவடியிலிருந்து செங்குன்றம், பொன்னேரி என்று வழி நெடுக எழிலரசி கண்ணாடியில் தலையைச் சாய்த்து, தூங்குவதும் விழிப்பதுமாக வந்தாள். இறங்கச் சொன்னபோது, இன்னும் பத்து கிலோமீட்டர் தூரம் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். வீட்டில் மாமனார் எத்திராஜ் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அங்கே எட்டு மணி நேரம் நோயாளிகள். மீதி நேரம் இவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நாத்தனார் ஜெயப்பிரியா மாங்காட்டிலிருந்து வந்திருந்தாள்.

“ஒரு நாளாவது வெளிய போயிட்டு வாங்க அண்ணி. உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு” என்றாள்.

கணவன் நிர்மலுக்குப் பழைய இடங்களைப் படம் பிடிப்பதில் ஆசை. ஏரிக்கு நடுவே ஒரு தீவு, கல்மேடு என்று பெயர், மீனவர்கள் கல்லால் கட்டி வாழ்ந்த ஊர், இப்போது ஒருவரும் இல்லை என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான். எழிலரசிக்கு அந்த ஒரு நாளும் படுத்துக் கிடந்தால் போதும் என்றிருந்தது. சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

படகுக்காரர் ஏகாம்பரத்துக்கு அறுபது வயதிருக்கும். முக்கால் மணி நேரம் ஓட்டி, தீவின் ஓரத்தில் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். அவர் இறங்கவில்லை.

“நீங்க வரலியா?” என்றான் நிர்மல்.

“முள்ளுக் காடு சார். நீங்க பாத்துட்டு வாங்க. ஒரு மணி நேரம், அவ்ளோதான்.” அவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

இருபது வீடுகள் இருக்கும். ஒரே வரிசை. கருங்கல்லை அடுக்கி, இடையில் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்கள். கூரைகள் எப்போதோ போய்விட்டன. எல்லா வீடுகளும் கிழக்கே, ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்து நின்றன. ஜன்னல் கிடையாது. கடல் பக்கச் சுவரில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை. ஒரு பெண் நின்றால் அவள் கண் படும் உயரத்தில், வீட்டுக்கு ஒன்று.

உச்சி வெயில். ஒரு பறவைச் சத்தமும் இல்லை. ஆனால் கருவாடு காயும் வாசம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

நிர்மல் மறுகோடிக்கு நடந்துவிட்டான். எழிலரசிக்குக் கணுக்கால் வலித்தது. கடைசி வீட்டில் மட்டும் கூரை பாதி மிச்சமிருந்தது. நிழலுக்காக, குனிந்து அதற்குள் போனாள்.

உள்ளே குளிர்ந்தது. தரையில் ஒரு சருகு இல்லை. துடைப்பம் இழுத்த கோடுகள் மணலில் புதிதாகத் தெரிந்தன. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு இப்படி ஒரு இடத்தில் சும்மா உட்காருகிறோம் என்று நினைத்தாள்.

“வந்துட்டியா?”

ஓட்டைக்கருகில் ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய சேலை நனைந்து சொட்டியது. சுள்ளி பொறுக்க வந்தவளாக இருக்கும் என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள்.

“சும்மா பாக்க வந்தோம்மா.”

“ரொம்ப நாளா நின்னுகினே கீறேன். காலு மரத்துப் போச்சு.”

“கொஞ்சம் உக்காருங்களேன்.”

“உக்காந்தா, படகு வந்தா யாரு பாக்கறது?”

குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. எழிலரசிக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு.

“கொஞ்ச நேரம் நீ பாத்துக்கறியாம்மா? நான் கண்ண மூடிட்டு எழுந்துடறேன்.”

வார்டில் தினம் யாராவது அவளிடம் இப்படிக் கேட்பார்கள். ஒருவருக்கும் அவள் இல்லை என்று சொன்னதில்லை. யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

“சரி.”

அந்தப் பெண் திரும்பினாள்.

இமை ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மூடுவதையே மறந்துபோன கண்கள்.

“நல்லா இரு” என்று சொல்லி அவளைக் கடந்து வாசல் பக்கம் போனாள். மணலில் காலடி விழவில்லை.

*

“எழில்! எழில்!”

நிர்மல் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். வலது கண் அந்த ஓட்டையில் அழுந்தியிருந்தது. கன்னத்தில் கல்லின் அச்சு பதிந்திருந்தது.

“ஒன்றரை மணி நேரமா உன்னத் தேடறேன். கூப்பிட்டா காதுல விழலியா?”

கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

படகில் ஏறியதும் ஏகாம்பரம் அவள் கன்னத்தையே பார்த்தார். மோட்டாரைக் கிளப்பாமல், மெதுவாகக் கேட்டார்.

“உள்ள யாருனா பேசினாங்களாம்மா?”

“ஒரு அம்மா... கொஞ்ச நேரம் பாத்துக்கச் சொன்னாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன்.”

அவர் கை கழியிலேயே நின்றுவிட்டது.

“என் சின்ன வயசுல ஒரு பொயலு. பதினோரு படகு திரும்பல. மிச்ச சனம் மொத்தமும் அக்கரைக்கு வந்துட்சி. ஒரு பொம்பள மட்டும் வரமாட்டேன்னுட்டா. கையப் புடிச்சி இஸ்து பாத்தோம், அழுது பாத்தோம். படகு வந்தா யாரு பாக்கறதுன்னு கேட்டா.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, நான் பாத்துக்கறேன்னு யாரும் சொல்லலம்மா. எங்கம்மா கூட சொல்லல.”

“சும்மா பயமுறுத்தாதீங்க பெரியவரே” என்றான் நிர்மல்.

ஏகாம்பரம் மோட்டாரைக் கிளப்பினார்.

*

அன்றிரவிலிருந்து எழிலரசிக்குத் தூக்கம் போனது.

அலுப்பு போகவில்லை. அது உடம்பு முழுக்க ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. படுத்தால் கண் மட்டும் மூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரை மூன்று நாள் கையை நடுங்க வைத்தது, இமையை இறக்கவில்லை. பால்கனியில், துணி காயும் கொடிக்கு நடுவே, எதிர் அடுக்ககத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தெரியும் கிழக்கு வானத்தைப் பார்த்து நின்றால்தான் மார்புப் படபடப்பு அடங்கியது. அவள் நிலையைப் பார்த்து ஜெயப்பிரியா ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, நாலாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசியை எழிலரசி ஏழாம் படுக்கையில் இருந்த பையனுக்குக் குத்தப் போனாள். உடன் வேலை செய்யும் சாவித்திரி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

“எழிலு, இன்னா பண்றே? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?”

எழிலரசி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் கை தவறியதே இல்லை. சாவித்திரி ஆட்டோ பிடித்து அவளை வீட்டுக்கு அனுப்பினாள்.

மதியம் ஒரு மணி. கதவைத் திறந்த ஜெயப்பிரியா, அவளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள்.

“அண்ணி?”

“லீவு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“இல்ல...” ஜெயப்பிரியா படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நீங்க வேலைக்குப் போனதே எனக்குத் தெரியாது. காலைலேருந்து உள்ள தூங்கறது நீங்கன்னுல்ல நெனச்சேன். குறட்டைச் சத்தம் கேட்டுது. பாவம், இன்னிக்காவது தூங்கறீங்களேன்னு டிவி கூடப் போடல.”

கூடத்துக் கட்டிலில் கிடந்த எத்திராஜ், தலையைத் திருப்ப முடியாமல், கண்களை மட்டும் படுக்கையறைக் கதவின் மேல் வைத்திருந்தார்.

எழிலரசி கதவைத் தள்ளினாள்.

ஏரிச் சேற்று வாசம்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் அவள் படுக்கும் பக்கம் மெத்தை ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. தலையணை நனைந்து, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து சீராக, ஆழமாக, மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அருகில் போய்க் குனிந்தாள்.

“எழுந்திருங்கம்மா. என்னால முடியல. இன்னிக்கு ஒரு பையன் செத்திருப்பான்.”

மூச்சு நின்றது.

“எழுந்திருங்க. போதும்.”

கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வை தானாக விரிந்து, மெல்ல மேலே ஏறியது. கட்டில் முனகியது. யாரோ சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார்கள்.

தூக்கம் கலையாத குரல், கெஞ்சலாக வந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம்மா.”