ஒரு நாளைக்கு இரண்டு மீட்டர்

வரைபட அறையின் டெலிபோன் அலறியபோது மணி பதினொன்று.

எடுத்தாள். பெண் இன்ஸ்பெக்டரின் குரல். பனி வெடிப்புக்குள் அவளுடைய அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். உயிர் இல்லையாம். பன்னிரண்டு மணிக்கு நேரில் வருகிறேன், உங்கள் வீட்டுக்காரரையும் அங்கே வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அழுகை வரவில்லை... கணவனுக்கு டெலிபோன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணனும் அவள் கணவனும் ஒரே ஆராய்ச்சிக் குழு. கடல்மேல் மிதக்கும் பனித்தட்டு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளப்பது வேலை. அண்ணன் முதல் முகாமில். கணவன் இரண்டாவது முகாமில். நடுவே பனி ஸ்கூட்டரில் அரைநாள் தூரம். அடுத்த குழுத் தலைவர் அண்ணன்தான் என்று போன மாதம் முடிவானது. அந்த நாற்காலிக்கு ஏழு வருஷமாகக் காத்திருந்த கணவன், மச்சானுக்குக் கிடைத்தால் எனக்குக் கிடைத்த மாதிரி என்று சிரித்தான்.

மூன்று நாள் முன்பு அவன் மட்டும் திரும்பி வந்தான். மச்சானைக் காணவில்லை என்றான். அந்த வாரம் முழுக்கத் தன் முகாமை விட்டு ஓரடி வெளியே போகவில்லை என்றான்.

சாட்சி, அவனுடைய நோட்டு.

பனியில் நட்ட கம்பம் எவ்வளவு நகர்ந்தது என்று காலையும் மாலையும் கருவியில் பார்த்து எழுதியது. கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி அவளிடமே கொடுத்திருந்தான்.

பிரித்தாள்.

திங்கள், இரண்டு மீட்டர். செவ்வாய், இரண்டு மீட்டர். புதன்... அதே இரண்டு.

காணாமல் போவதற்கு முந்தைய நாள் அண்ணன் அனுப்பிய குரல் செய்தி ஞாபகம் வந்தது.

"பாப்பா, ரெண்டாவது முகாமுக்கு நேர் கீழே, கடலடியில ஒரு மேடு இருக்கும்போல. பனியோட அடிவயிறு அதுல தட்டி நிக்குதுன்னு நினைக்கறேன். நான் சரிபார்க்கறவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

சுற்றிலும் பனி முந்நூறு மீட்டருக்குமேல் ஓடியிருந்தது. இரண்டாவது முகாமில் மட்டும் நாளொன்றுக்கு ஒரு சாண்கூட இல்லை. நடுத்தெருவில் நிற்கும் லாரியைச் சுற்றி வண்டிகள் ஒதுங்கிப் போவதுபோல, மற்ற பனி இரண்டு பக்கமும் வளைந்து போயிருந்தது.

அப்படியானால் இந்த இரண்டு மீட்டர்?

அவன் அங்கே இருக்கவே இல்லை. சுற்றியுள்ள பனியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறான்.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே கணவன், சிவந்த கண்களோடு. அவள் தோளைத் தொட வந்தான். விலகினாள். படங்களையும் நோட்டையும் மேஜைமேல் பரப்பி, கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு நிமிஷம்தான். சமாளித்துக்கொண்டான்.

"சோம்பேறித்தனம், மேடம். அந்தக் குளிர்ல யாரு வெளிய வந்து அளக்கறது? கூடாரத்துக்குள்ளயே உக்காந்து எழுதிட்டேன். தப்புதான். அதுக்காக நான் கொலைகாரனா?"

அவள் நோட்டை மூடினாள். போச்சு. நழுவிவிட்டான்.

"வாஸ்தவம்தான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "சோம்பேறித்தனத்துக்குச் சட்டத்துல செக்‌ஷன் கிடையாது. நீங்க கிளம்பலாம்."

அவன் கதவுவரை போய்விட்டான்.

"ஒரு நல்ல சேதி சொல்ல மறந்துட்டேன். உங்க மச்சான் உயிரோடதான் இருக்கார்."

"கயிறு அறுந்துமா..?"

இன்ஸ்பெக்டர் கதவருகே போனார்.

"எந்தக் கயிறு, சார்?"

அவன் கை கதவின் பிடியைத் தேடியது.

அண்ணன் வெடிப்புக்குள் கயிறு கட்டி இறங்கி அளந்துகொண்டிருந்தபோது, மேலே யாரோ கயிற்றை அறுத்திருக்கிறார்கள். யார் என்று அண்ணன் பார்க்கவில்லை. பாதி ஆழத்தில் ஒரு பனித்திட்டில் விழுந்து, முதுகுப்பையில் இருந்ததைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவரை நேற்றுத்தான் தூக்கினார்களாம். இரண்டு காலும் முறிந்திருக்கிறது, பிழைத்துவிடுவார் என்றார் இன்ஸ்பெக்டர்.

"மன்னிச்சுடும்மா. அண்ணன் செத்துட்டார்னு உங்க வீட்டுக்காரர் நம்பணும்னா, முதல்ல நீங்க நம்பியாகணும்."

வராத அழுகை அப்போதுதான் வந்தது. மேஜையில் தலை கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். கணவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

விலங்கு மாட்டியபோது, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அவன் முனகினான்.

"பயப்படாதீங்க சார், லாக்கப் அறை ஒரு அங்குலம்கூட நகராது. நம்பிக்கை இல்லேன்னா காலையும் சாயந்தரமும் அளந்து எழுதுங்க... நோட்டு நாங்களே தர்றோம்."