மெத்தைச் சட்டையில் தைல வாசம்

மெத்தைச் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பியதும் தைல வாசம் வந்தது.

எச்சிலும் வியர்வையும் நாய் முடியும் நாறியிருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். காவல் நாய்களைக் கடிக்கப் பழக்கும்போது ஆள் மாட்டிக்கொள்ளும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை பஞ்சு திணித்த கனத்த உடை அது. நாறாமல் என்ன செய்யும்? புருஷன் நாய்களைப் பழக்குவார். கொழுந்தன் அதை மாட்டிக்கொண்டு கடி வாங்குவான். அவள் துடைத்துக் காயப்போடுவாள். இந்தக் குடும்பத்திலேயே கடிபடாத ஒரே ஆள் அண்ணிதான் என்று கொழுந்தன் கேலி செய்வான்.

மழை விட்டபாடில்லை. அந்தி நேரத்துக்கே பின்னறை இருட்டிவிட்டது. காற்று வரட்டும் என்று புருஷன் நேற்றே அறைக் கதவைக் கழற்றி வைத்திருந்தார். அந்த உடையை ஊறவைக்கக் கூடாது, பஞ்சு தண்ணீர் குடித்தால் லேசில் காயாது. காய்ந்த எச்சிலை பிரஷ்ஷால் உதிர்த்து, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி, உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிட்டு, இரண்டு மின்விசிறிகளைத் திருப்பி வைக்க வேண்டும். அதைத்தான் செய்தாள். ஆனால் ஒற்ற ஒற்ற வாசம் கூடியது. எரிச்சலில் துணியைப் பிழியாமலே தேய்த்தாள். உடை கனத்து, கீழே சொட்டத் தொடங்கியது.

தன் முழங்காலில் இருந்து வருகிறதோ என்று குனிந்து முகர்ந்தாள். அதே தைலம்தான். ஆனால் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்ததே இன்று காலையில்தான். அவரே வாங்கி வந்தார். அவளை உட்காரவைத்து அவரே முழங்காலில் தேய்த்தார், பிறகு கழுத்திலும். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே அவர் மாறித்தான் இருந்தார். முட்டி வலியோடு நீ ஏன் அலைய வேண்டும் என்று நாய்களுக்குச் சாப்பாடு வைப்பதைக்கூடத் தானே எடுத்துக்கொண்டார். இன்று வெளியூர் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

உடையின் கழுத்துப் பக்கம் விளக்கைத் திருப்பினாள். கடி எப்போதும் கையிலும் தொடையிலும்தான் விழும். இப்போது கழுத்துப் பட்டை நார்நாராகக் கிழிந்து, பஞ்சு வெளியே தொங்கியது.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, கழுத்துல எப்படிப்பா கடி வாங்கினே?"

"நானா? அதை நான் போட்டே ரொம்ப நாளாச்சு அண்ணி. அண்ணன் பொம்மைக்குத்தான் மாட்டுறாரு. ஏதோ தைலத்தைத் தடவி விடுறாரு. கழுத்தைக் கவ்வினாத்தான் கறி. திருடன் வந்தா பிடிக்கிறதுக்குன்னு சொன்னாரு."

அவள் போனை வைத்தாள். அந்தக் கை இதமாகத்தான் தேய்த்தது.

அப்போதுதான் கவனித்தாள். நாய்கள் குரைக்கவில்லை. மழைக்கு எப்போதும் ஊளையிடும் சண்டியர்கூட. பல் முளைக்காத நாளில் அவள் மடியில் பால் குடித்தவன் அவன்.

நாய்க் கொட்டடியின் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

கூடவே ஓர் இருமல். வெளியூர் போனவருடைய இருமல்.

முழங்காலைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தாள். கழுத்தைத் தேய்த்தாள். வாசம் போகவில்லை. கதவு இல்லை. உடையைக் கொக்கியிலிருந்து இழுத்தாள். ஈரக் கனம் அவளைத் தரையில் உட்காரவைத்தது. ஒரு கால். இன்னொரு கால். கைகள். ஜிப்பை மேலே இழுத்தாள். நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் துணி இல்லை. நார்தான்.

மழையிலிருந்து சண்டியர் வந்தான். பின்னால் மற்றவை. சத்தமே இல்லை.

அவளைப் பார்த்ததும் வாலாட்டினான். பழைய வாலாட்டல்.

"சண்டியா," என்றாள்.

அவன் மூக்கு உயர்ந்தது. முழங்கால். நெஞ்சு. கழுத்து. அங்கேயே நின்றது.

வெளியே, இருட்டில், கறி போடும் முன் புருஷன் நாக்கைச் சொடுக்கும் அந்தச் சின்னச் சத்தம்.

சண்டியர் பின்கால்களை மடக்கிப் பதுங்கினான். வால் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.