செஷயர் மண்புழுவும் ஆனையூர் மைனாவும்

ஆனையூர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் மைத்ரேயி சொல்வதை யாரும் நம்புவதில்லை. மணி அடித்துவிட்டது என்று அவள் சொன்னால், மணிச்சத்தம் காதில் விழுந்தவர்கள்கூட ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு லீவு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, "நாளைக்கு மழை லீவு, டிவியில போட்டாச்சு" என்று அவள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பாதி வகுப்பு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. லீவு விட்டது தேனி மாவட்டத்துக்கு. மதுரையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் பள்ளியின் இறகுப்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். நன்றாக ஆடக்கூடிய கிருஷ்ணபிரசாத் அந்த நேரத்தில் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அணியில் இடம் போயிற்று. 'ரீல்' என்று மைத்ரேயிக்குப் பெயர் வைத்தவன் அவன்தான். வைத்த பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரை உரித்துப் போட ஒரு வாய்ப்பு வராதா என்று மைத்ரேயி ஏங்கினாள். வந்தது, இங்கிலாந்திலிருந்து.

புதன்கிழமை கடைசி வகுப்பில் தமிழ்வாணி மிஸ் ஒரு டப்பாவை நீட்டுவார். உள்ளே உலகத்து ஊர்களின் பெயர் எழுதிய சீட்டுகள் இருக்கும். யாருக்கு எந்த ஊர் வருகிறதோ, அந்த ஊரைப் பற்றி ஆச்சரியமான செய்திகளைத் தேடிக்கொண்டு வந்து அடுத்த புதன்கிழமை சொல்ல வேண்டும். வகுப்பு நம்பினால் அந்தச் செய்தி சுவரில் பச்சை அட்டைக்குப் போகும். நம்பாவிட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்குப் போனது வருடம் முடியும்வரை அங்கேயே தொங்கும்.

மைத்ரேயிக்கு வந்த சீட்டில் 'செஷயர்' என்று இருந்தது. இங்கிலாந்தில் அது ஒரு மாவட்டம் மாதிரி. அதை அங்கே 'கவுண்ட்டி' என்று சொல்வார்கள்.

ஒரு வாரம் அப்பாவோடு உட்கார்ந்து தேடினாள். புதன்கிழமை எழுந்து நின்றாள்.

"செஷயர்ல நார்த்விச்னு ஒரு ஊர். பூமிக்கு அடியில உப்பு. உப்பை எடுக்க எடுக்க மேல இருக்கிற வீடெல்லாம் உள்ளே இறங்குச்சாம். அதனால மரச்சட்டம் வச்சு வீடு கட்டினாங்க. வீடு இறங்கினா ஜாக்கி வச்சுத் தூக்கிடலாம்."

"லாரிக்கு டயர் மாத்துற மாதிரியா?" என்று யாரோ கேட்டார்கள். அவள் படத்தைக் காட்டினாள். கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. பச்சை அட்டை.

"அங்க ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி இருக்கு. அதைச் சாய்ச்சுத் திருப்புற பல்சக்கரத்தைப் பழைய போர்க்கப்பல்ல இருந்து கழட்டினாங்க. பீரங்கியைச் சுழட்டின சக்கரம் இப்ப நட்சத்திரத்தைப் பார்க்கச் சுத்துது."

இதற்கும் பச்சை அட்டை. மைத்ரேயிக்குத் தைரியம் வந்துவிட்டது. மூன்றாவதையும் சொன்னாள்.

"வில்லஸ்டன்னு ஒரு கிராமம். அங்க ஒரு பள்ளிக்கூட மைதானத்துல, மண்புழுவை வெளியே வரவைக்கிற உலகப் போட்டி நடக்குது. தோண்டக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. மண்ணுல ஒரு கம்பியைக் குத்தி, தட்டி அதிரவைச்சாப் போதும், புழு தானா மேல வரும். அரை மணி நேரத்துல ஐந்நூத்தி அறுபத்தேழு புழுவை வரவைச்ச சாதனை ஒரு பத்து வயசுப் பொண்ணோடது."

வகுப்பு சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை.

"புழுவுக்கு உலகக் கோப்பையா?" என்றான் கிருஷ்ணபிரசாத். "மிஸ், சிவப்பு அட்டை."

தமிழ்வாணி மிஸ் யோசித்தார். "உடனே முடிவு பண்ண வேணாம். நம்ம வயசுப் பொண்ணு செஞ்சதுன்னு சொல்றா. திங்கட்கிழமை வரைக்கும் நேரம் தர்றேன். முடிஞ்சா செஞ்சு காட்டட்டும்."

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மைத்ரேயிக்கு மண்புழுவைத் தொட அருவருப்பு. குளியலறையில் ஒன்று ஊர்ந்தால் வாளி மேல் ஏறி நிற்பாள். ஆனால் செஷயர்க்காரர்கள் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். புழுவைத் தொடப் பிடிக்காதவர்கள், எடுத்துப் போட ஒரு துணையாளை வைத்துக்கொள்ளலாம்.

"நான் எடுத்துத் தாரேன்டி" என்றாள் பக்கத்து இருக்கைப் பாண்டீஸ்வரி. வாடிப்பட்டிப் பக்கம் அவள் வீட்டுக்கு வயல் உண்டு. "புழு என்ன, கடிக்கவா போகுது?"

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை. பள்ளிக் காவலாளி மொக்கையன் அண்ணன் ஒரு சின்னக் கடப்பாறையைத் தூக்கி வந்து மைதானத்தில் ஊன்றிக் கொடுத்தார். ஊன்றுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. மைத்ரேயி பையிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துக் கடப்பாறையைத் தட்டினாள். டங், டங், டங். வகுப்பு முழுவதும் குனிந்து தரையைப் பார்த்தது.

ஓர் எறும்பு வந்தது. அதுவும் தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்த எறும்பு.

"என்ன ரீல், புழுவுக்கும் லீவு விட்டுட்டியா?" என்றான் கிருஷ்ணபிரசாத். எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

மைத்ரேயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த செஷயர்ப் புழுப்போட்டிப் படத்தையே வெறித்துப் பார்த்தாள். அதில் சிலர் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள். காலடியில் பச்சைப் பசேல் என்று புல்.

"பாண்டீஸ்வரி, அங்க மண்ணு ஈரம். நம்ம மைதானத்துக்குக் கிராவல் கொட்டி ரோடு ரோலர் ஓட்டியிருக்காங்க. நான் புழுவா இருந்தா இங்க குடியிருப்பேனா?"

"மாட்ட."

"நம்ம பள்ளிக்கூடத்துல எப்பவும் ஈரமா இருக்கிற இடம் எது?"

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டு கழுவும் குழாய்களின் தண்ணீர், மதிலோரம் இருக்கும் வாழை மரங்களுக்குத்தான் போகும். அங்கே மண் கறுகறுவென்று இருந்தது.

மைத்ரேயியின் அப்பா சுப்பராமனுக்குத் திருமங்கலத்தில் வேலை. அவர் வந்து அழைத்துப்போக மாலை ஆறாகும். அதுவரை அவளும், வேனுக்குக் காத்திருக்கும் பாண்டீஸ்வரியும் பள்ளியில்தான் இருப்பார்கள். மாலை மணி அடித்ததும் கடப்பாறையோடு வாழைப் பக்கம் ஓடினார்கள். இங்கே அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

டங், டங், டங்.

முதலில் ஒன்றும் இல்லை. கை வலித்தது. கட்டையை மாற்றிப் பிடித்துத் தட்டினாள். ஈரமண்ணில் ஓர் இடம் லேசாக அசைந்தது. ஒரு செம்பழுப்புத் தலை எட்டிப் பார்த்தது. தள்ளி இன்னொன்று. அப்புறம் இங்கே, அங்கே, வாழையடியில்.

"ஆத்தாடி, இம்புட்டா?" என்றாள் பாண்டீஸ்வரி. "நீ தட்டிக்கிட்டே இரு. நான் போய் எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்." சொல்லிவிட்டு, வகுப்புப் பிள்ளைகள் பலரும் இறகுப்பந்துப் பயிற்சியில் இருந்த பக்கம் பறந்தாள்.

மைத்ரேயி தனியாக நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், எல்லோரும் வந்து பார்ப்பார்கள், ரீல் என்ற பெயர் ஒழிந்துபோகும்.

அப்போது மதில்மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அது என்ன சொல்லி அனுப்பியதோ, சொந்தபந்தம் எல்லாம் கிளம்பி வந்துவிட்டது. ஒரு மைனா இறங்கி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"ச்சூ, ச்சூ." இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் இறங்கின.

மைத்ரேயிக்குச் செஷயரின் இன்னொரு விதி நினைவு வந்தது. போட்டி முடிந்ததும் புழுக்களை உடனே விட மாட்டார்களாம். மாலையில் பறவைகள் கூடு அடைந்த பிறகுதான் விடுவார்கள். தாங்கள் கூப்பிட்டு வந்த விருந்தாளி பறவை வாயில் போய்விடக் கூடாது என்பதற்காக.

இந்தப் புழுக்களைக் கூப்பிட்டது அவள்தான். எடுத்து வைக்கவேண்டிய துணையாளோ மைதானத்தின் அந்தக் கோடியில். எடுத்து மறைத்துவிட்டால் மற்றவர்கள் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் புழு தெரியாது என்பதால் திறந்தாள். தயிர்சாத டப்பாவில் ஈரமண்ணை அள்ளிப் போட்டாள். பிறகு, உடம்பெல்லாம் கூச, விரலை நீட்டி முதல் புழுவை எடுத்தாள். குளுகுளு என்று இருந்தது. இரண்டாவதை எடுக்கும்போது கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

எல்லோரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது தரையில் ஒரு புழுகூட இல்லை. டப்பாவுக்குள் நிறைய நெளிந்தன.

"தோண்டி எடுத்துட்டு, தானா வந்துச்சுன்னு சொல்றியா?" என்றான் கிருஷ்ணபிரசாத்.

"சத்தியமா வந்துச்சு. நான் பார்த்தேன்" என்றாள் பாண்டீஸ்வரி.

"நீ அவ ஃப்ரெண்டு. எங்க, மறுபடி தட்டிக் காட்டட்டும்."

மைத்ரேயி கட்டையைக் கையில் எடுத்தாள். மதிலைப் பார்த்தாள். மைனாக்கள் பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்ப காட்ட மாட்டேன்."

"அப்ப ரீல்தான்." அவன் திரும்பிப் போய்விட்டான். மற்றவர்களும் போனார்கள். வேன் வந்து பாண்டீஸ்வரியையும் அழைத்துக்கொண்டு போனது.

ஆறு மணிக்கு அப்பா வண்டியில் வந்தார்.

"கிளம்பலாமா மைத்து?"

"இருப்பா. மைனா தூங்கப் போகணும்."

"மைனா தூங்குறதுக்கும் நாம வீட்டுக்குப் போறதுக்கும் என்னம்மா சம்பந்தம்? டப்பாவில என்ன, சாப்பிடலையா?"

"மண்புழுப்பா."

சுப்பராமன் டப்பாவை எட்டிப் பார்த்தார். "உங்க அம்மா கேட்டா, நான் இதைப் பார்க்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓரம்கட்டி உட்கார்ந்துகொண்டார்.

அணியில் இடம் போனாலும் பயிற்சியை விடாத கிருஷ்ணபிரசாத், அது முடிந்து அம்மாவுக்காகக் காத்திருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். மட்டையைச் சுழற்றியபடி மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"யாரும் இல்லையே, யாருக்குக் காட்ட உட்கார்ந்திருக்க?"

"யாருக்கும் இல்ல. இப்ப விட்டா மைனா தின்னுடும்."

அவன் மட்டையைச் சுழற்றுவதை நிறுத்தினான். "அன்னைக்கு லீவுன்னு வேணும்னுதான சொன்ன?"

"இல்ல. பெரிய எழுத்துல லீவுன்னு ஓடுச்சு. மாவட்டம் பேரு வர்றதுக்குள்ள நான் வாசலுக்கு ஓடிட்டேன்." அவள் டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள். "மறுநாள் நானும் வரலை. எனக்கு அன்னைக்குக் கணக்குப் பரீட்சை போச்சு. உனக்கு டீம் போனது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

"நீயும் தூங்குனியா?"

"நல்லா."

கிருஷ்ணபிரசாத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

வேப்பமரத்தில் மைனாக்கள் அடைந்தன. ஒரே கூச்சல், பிறகு சத்தம் குறைந்து குறைந்து அடங்கியது. மைத்ரேயி எழுந்து வாழையடிக்குப் போய், ஒவ்வொரு புழுவாக எடுத்து ஈரமண்ணில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். புழுக்கள் சுருங்கி, நீண்டு, மண்ணுக்குள் நுழைந்து மறைந்தன. கடைசிப் புழுவின் வால் உள்ளே போகும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

திங்கட்கிழமை தமிழ்வாணி மிஸ் கேட்டார். "செஷயர் மண்புழு. நம்புறவங்க கை தூக்குங்க."

பாண்டீஸ்வரி கை தூக்கினாள். வேறு ஒரு கையும் எழவில்லை. மைத்ரேயி தலையைக் குனிந்துகொண்டாள்.

பின் வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிருஷ்ணபிரசாத் எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தான். வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"நீயா? புழு வெளியே வந்ததை நீ பார்த்தியா?" என்று மிஸ் கேட்டார்.

"பார்க்கலை மிஸ். அதை அவ உள்ளே அனுப்பினதைப் பார்த்தேன்."

வெள்ளிக்கிழமை மாலை நடந்ததை எல்லாம் அவன் சொன்னான். மைனாவுக்காக ஓர் அப்பா வண்டியில் காத்திருந்ததைச் சொன்னபோது வகுப்பு சிரித்தது. பிறகு ஒன்று, இரண்டு, நான்கு என்று கைகள் எழுந்தன.

மிஸ் மண்புழுச் செய்தி எழுதிய தாளை மைத்ரேயியிடம் நீட்டினார். அவள் அதைப் பச்சை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது வெளியே மணி அடித்தது.

"மணி அடிச்சிடுச்சு மிஸ்" என்றாள்.

யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.